இரண்டு கிழக்கு

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு என் மேல போலீஸ்ல புகார் கொடுக்கப்போறாங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே கால்.

"அப்போ ஆறே முக்கால் மணி நேரம் இருக்கு. உக்காரும்மா" என்றாள் வீரலட்சுமி.

ராமநாதபுரம் அரண்மனைக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது வீரலட்சுமி துப்பறியும் நிலையம். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு சுஐபு. அவ்வளவுதான் சொத்து. பன்னிரண்டு வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவள் வீரலட்சுமி. மேலதிகாரி சொன்னதை எழுதாமல், நடந்ததை எழுதிய ஒரு நாளில் அந்த வேலை போயிற்று. இப்போது வயது நாற்பத்து நாலு. சுஐபு அவளுடைய உதவியாளன், கீழக்கரைக்காரன். துபாயில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு, "அங்கன ஏசி ஜாஸ்தி, இங்கன வேலை கம்மி. எனக்குக் கம்மிதான் ஒத்துக்கிடும்" என்று திரும்பி வந்தவன்.

வந்த பெண்ணின் பெயர் ஹமீதா பானு. தேவிபட்டினம். இருபத்து நாலு வயது. சாலைத் தெருவில் இருக்கும் 'அலைவழி சாஃப்ட்' என்ற கம்பெனியில் இரண்டு வருஷம் புரோகிராம் எழுதியவள். போன வெள்ளிக்கிழமை வேலையை விட்டிருக்கிறாள்.

"என்ன புரோகிராம்?" என்று கேட்டாள் வீரலட்சுமி.

"கடல்மணின்னு ஒரு பெட்டிக்கா. போட்டுல வச்சிருப்பாங்க. போட்டு எங்கன நிக்குதுன்னு அதுக்குத் தெரியும். சர்வதேச எல்லைக்கு மூணு மைல் இருக்கும்போதே மணியடிக்கும். வலையை ஏத்திட்டுத் திரும்பிடலாம்."

"சனிக்கிழமை மாட்டினாங்களே அஞ்சு பேரு. அந்தப் போட்டுலயும் இந்தப் பெட்டி இருந்துச்சா?"

ஹமீதா தலையாட்டினாள். கண் நிறைந்தது, ஆனால் சிந்தவில்லை.

ஊருக்கே தெரிந்த செய்தி அது. ராமேஸ்வரத்திலிருந்து போன சின்னக்கருப்பனின் விசைப்படகு எல்லை தாண்டிவிட்டதென்று அவரையும் இன்னும் நாலு பேரையும் அந்தக் கரைச் சிறையில் வைத்திருக்கிறார்கள்.

"பெட்டி நேரத்துக்கு அடிக்கலையாம். கம்பெனியில கம்ப்யூட்டரைத் திறந்து மீனவர் சங்கத்துக்காரங்ககிட்ட காட்டியிருக்காங்க. அதுல எல்லாம் சரியா இருக்கு. மூணு மைல்னுதான் இருக்கு. அப்போ பெட்டியில தப்பா ஏத்தினது யாரு? வியாழனும் வெள்ளியும் ஜெட்டியில போட்டு போட்டா ஏறிப் பெட்டிக்குள்ள புரோகிராமை ஏத்தினது நான். அதனால நான்தான் கெடுத்தேன்னு சொல்றாங்க." அவள் குரல் இறங்கியது. "எல்லை விஷயம்க்கா. தேவிபட்டினத்துப் பொண்ணு, ஏத்தின கையோட வேலையை விட்டுட்டான்னு ஆரம்பிச்சா, பேச்சு எங்கன போய் நிக்கும்னு உங்களுக்குத் தெரியும். வாப்பா ரெண்டு நாளா பள்ளிவாசலுக்குக்கூடப் போகல."

வீரலட்சுமிக்குத் தெரியும். ஸ்டேஷனில் அந்த மாதிரிப் பேச்சை அவளே காகிதத்தில் எழுத மறுத்திருக்கிறாள்.

"வேலையை ஏன் விட்ட?"

"சென்னையில வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணாந்தேதி சேரணும்." ஆர்டரை எடுத்து மேஜையில் வைத்தாள். வீரலட்சுமி அதைத் தேதி முதல் கையெழுத்து வரை படித்தாள். தன்னைத் தேடி வந்தவர்களை நம்புவது அவள் வழக்கமில்லை.

"அது என்ன, இன்னொரு பேப்பரை இறுக்கிப் பிடிச்சிருக்க?"

"வேலையை விடும்போது ஒப்படைச்ச பட்டியல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிண்ட் எடுத்தது. புரோகிராமெல்லாம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு."

துளையிட்ட ஓரங்களோடு இருந்த நீளத்தாள் அது. ஆங்கில எழுத்தில் வரிசையாகப் பெயர்கள். கீழே 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தனுஷ்கோடி என்று கையெழுத்து.

சுஐபு எட்டிப் பார்த்தான். "padagu, mani, therku... என்னம்மா இது, எல்லாம் தமிழ்ப் பேரா இருக்கு? எங்க துபாய் ஆபீஸ்ல ஃபோல்டர் பேரு new, new2, final, final2ன்னு இருக்கும். final7-ஐத் திறந்தா முதல் நாள் எழுதினது கிடக்கும்."

முதல் தடவையாக ஹமீதா லேசாகச் சிரித்தாள். "நான் சேரும்போது இங்கயும் அப்படித்தாண்ணே. temp, misc, old. கூட வேலை பார்க்கிற தனுஷ்கோடி அண்ணன் போட்ட பேரு. எது எங்கன இருக்குன்னு கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆச்சு. எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கினேன். போட்டு இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிறது padagu. மணியடிக்கிறது mani. கிழக்குப் பக்கத்து எல்லைக்கு ஒண்ணு, தெக்குப் பக்கத்துக்கு ஒண்ணு. நாளைக்கு நான் இல்லாட்டியும் வர்றவங்க பேரைப் பார்த்தே கண்டுபிடிக்கணும்ல?"

"தனுஷ்கோடிக்குக் கோவம் வந்துச்சா?"

"ரெண்டு மாசம் பேசல."

வீரலட்சுமி தாளை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இந்த மூணு மைலைக் குறைக்கச் சொல்லி யாராவது கேட்டாங்களா?"

"போட்டுக்காரங்க வாராவாரம் கேட்டாங்க. மீன் கிடக்கிற எடமே எல்லைப் பக்கந்தான், மணி ஓயாம அடிக்குதுன்னு. ஆபீஸ்ல பேசினோம். குறைச்சா என்னன்னு தனுஷ்கோடி அண்ணன் கேட்டாங்க. வலை ஏத்தவே அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள நீரோட்டம் இழுத்துரும், குறைக்கவே கூடாதுன்னு நான் சொன்னேன். முதலாளி குருநாதன் சார் என் பக்கம்தான் நின்னாங்க."

"ஆபீஸ்ல மொத்தம் மூணே பேருதானா?"

"ஆமாக்கா. கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டும் ஒண்ணுதான். மூணு பேருக்கும் தெரியும்."

வீரலட்சுமி எழுந்து மொபெட் சாவியை எடுத்தாள். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அந்த ஆபீஸ் படி ஏறினியா?"

"இல்லக்கா."

"இப்போ ஏறணும். நீ ஆட்டோவுல வா. இந்தப் பேப்பர் என்கிட்ட இருக்கட்டும். இப்படி ஒண்ணு இருக்கிறதை அங்கன யார்கிட்டயும் சொல்லாத."

*

சாலைத் தெருவில் ஜவுளிக்கடைக்கு மேலே ஆங்கிலத்தில் பெரிய போர்டு தொங்கியது. ALAIVALI SOFT.

"அலைவழியாக்கா இது? அலைவலின்னுல்ல படிக்க வருது" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த சுஐபு. "கடலுக்கு உடம்பு சரியில்லன்னு ஒரு கம்பெனி. மேல போனா தைலம் தருவாங்களா?"

"மேல போய் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் டீ வாங்கித் தாரேன்."

குருநாதன் ஐம்பதைத் தொட்ட மனிதர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. ஹமீதாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபத்துக்குப் பதிலாக வருத்தம் தெரிந்தது. அது வீரலட்சுமிக்குப் பிடிக்கவில்லை. அஞ்சு மணிக்குப் புகார் கொடுக்கப்போகிறவர் பதினொரு மணிக்கு ஏன் வருத்தப்படுகிறார்?

"பொண்ணு மாதிரி வச்சிருந்தேன் மேடம். எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லி விசிட்டிங் கார்டை நீட்டினார். ஆங்கிலத்தில் ஆபீஸ் விலாசமும் வீட்டு விலாசமும் இருந்தன. வீரலட்சுமி படித்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். "நீங்களே பாருங்க. எதையும் மறைக்கல. நான் கம்ப்யூட்டரைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு. முன்னாடி சென்னையில நானும் புரோகிராம் எழுதினவன்தான். இப்போ எல்லாம் இவங்கதான்."

'இவங்க' என்றவர் காட்டிய திசையில் தனுஷ்கோடி நின்றான். முதுகுளத்தூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். மின்விசிறி நேர் மேலே ஓடியும் கழுத்தில் வேர்வை.

"ஹமீதா போகும்போது ஏதாவது எழுதி ஒப்படைச்சாளா?" என்று வீரலட்சுமி அவனைக் கேட்டாள்.

"இல்ல மேடம்."

"பட்டியல், கிட்டியல்?"

"அப்படி எதுவும் நான் வாங்கல."

ஹமீதாவின் வாய் திறந்தது. வீரலட்சுமி அவள் காலை லேசாக மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது. வீரலட்சுமியின் பையில் அவன் கையெழுத்து பத்திரமாக இருந்தது.

சுஐபு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். கிழக்குப் பக்கத்து எல்லைக்கோடு இருந்த ஃபைலைத் திறந்தான். மூணு மைல். தெற்குப் பக்கத்து ஃபைலையும் திறந்தான். அங்கேயும் மூணு மைல்.

"கடல்ல ஒரு கோடு, கம்ப்யூட்டர்ல ஒரு கோடு. ரெண்டும் சுத்தமா இருக்குக்கா" என்றான்.

"நான்தான் சொன்னேனே" என்றார் குருநாதன்.

"ஃபோல்டர் எல்லாத்தையும் வரிசையா வரவைக்க முடியுமா சுஐபு?"

வந்தது. வீரலட்சுமி திரைக்குப் பக்கத்தில் குனிந்து விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு நிமிர்ந்தாள்.

"டீ குடிச்சுட்டு வாரோம். ஹமீதாவும் வரட்டும்."

*

படி இறங்கியதும் டீக்கடைக்குப் போகாமல், ஜவுளிக்கடையின் பக்கவாட்டுச் சந்தில் நின்றாள் வீரலட்சுமி. பையிலிருந்த தாளை எடுத்தாள்.

"திரையில பதிமூணு வரி. இதுல பதினாலு."

"நான் பேரெல்லாம் பார்த்தேனேக்கா. எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு" என்றான் சுஐபு.

"நீ படிச்ச. நான் எண்ணினேன். பன்னிரண்டு வருஷம் பறிமுதல் பட்டியல் எழுதினவ நான். படிச்சா கண்ணு தனக்குத் தெரிஞ்சதைத்தான் படிக்கும். எண்ணும்போது அந்த வசதி கிடையாது." அவள் விரல் தாளின் நடுவில் நின்றது. "இதைப் பாரு."

அடுத்தடுத்த இரண்டு வரிகள்.

kilakku
kizhakku

சுஐபு வாயைக் குவித்தான். ஹமீதா தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது... இது நான் போட்டது இல்ல. நான் ழ-வுக்கு எப்பவும் zhதான் போடுவேன். நான்தான் பிரிண்ட் எடுத்தேன், ஆனா ரெண்டும் ஒண்ணாவே தெரிஞ்சிருக்கு எனக்கு."

"ரெண்டு கிழக்கு இருந்தா பெட்டிக்கு எது போகும்?"

ஹமீதா தாளிலேயே கண் வைத்திருந்தாள். சுஐபுதான் சொன்னான். சிரிப்பில்லாமல் சொன்னான். "எல்லா ஃபோல்டரையும் சேர்த்து ஒண்ணாக் கட்டும்போது, ரெண்டு ஃபோல்டர்லயும் ஒரே பேருல ஃபைல் இருந்துச்சுன்னா கம்ப்யூட்டர் முதல்ல கண்ணுல பட்டதை எடுத்துக்கிட்டு, அடுத்ததை விட்டுரும். அகர வரிசையில z-க்கு முன்னாடி l வந்துருதுல்ல? அப்போ பெட்டிக்குள்ள போனது இந்தக் களவாணிக் கிழக்கு. சந்தேகப்பட்டு யாராவது திறந்து பார்த்தா ஹமீதாவோட கிழக்கு அலுங்காம இருக்கும். பேரு வச்சே ஆளைக் கவுத்துட்டான்க்கா."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருந்தது இன்னைக்கு இல்ல. நடுவுல அழிச்சிருக்காங்க. அந்த நாளெல்லாம் ஹமீதா ஆபீஸுக்கே வரல." வீரலட்சுமி மேலே பார்த்தாள். "மிச்சம் ரெண்டு பேரு."

"ரெண்டு என்னக்கா ரெண்டு. கையெழுத்துப் போட்டுட்டு வாங்கவே இல்லங்குறான் ஒருத்தன். குறைக்கலாம்னு சொன்னவனும் அவன்தான். ஃபோல்டர் பேரை மாத்தினதுக்கு ரெண்டு மாசம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தவனும் அவன்தான். நெத்தியில எழுதி ஒட்டாததுதான் குறை."

வீரலட்சுமி ஹமீதாவின் பக்கம் திரும்பினாள். "சின்னக்கருப்பன் கூடப் போன போட்டு எதும்மா?"

"சோணைமுத்து அண்ணன் போட்டு. அவங்க தப்பிச்சு வந்துட்டாங்க."

"நம்பர் இருக்கா?"

சோணைமுத்து போனை எடுத்ததும் பெட்டி நல்லாத்தான் வேலை செஞ்சது என்றார். வீரலட்சுமி நடந்ததை மெல்ல எடுத்துச் சொன்னாள்.

"எல்லைப் பக்கம் போனேன்னு சொன்னா கடலுக்குப் போக விடுற டோக்கனைப் பிடுங்கிருவாகம்மா. அதான் வாயைத் தொறக்கல" என்றார் கடைசியில். "மணி அடிச்சுச்சு. ஆனா எல்லைக்கோட்டை ஒட்டிப் போனப்பதான் அடிச்சுச்சு. அரை மைலு இருக்கும். நான் வலையை அறுத்துட்டு ஓடியாந்தேன். சின்னக்கருப்பன் புது வலை, அறுக்க மனசு வரல. நீரு இழுத்துட்டுப் போயிருச்சு."

"மத்தப் போட்டெல்லாம்?"

"எல்லாப் பெட்டியும் ஒண்ணா ஏத்தினதுதானம்மா. நாளைக்குப் புதன். விடியக்காலம் எல்லாரும் கடலுக்குப் போறோம்."

வீரலட்சுமி போனை வைத்தாள். "எத்தனை போட்டு ஹமீதா?"

"பிடிபட்டது போக நாப்பத்தேழு."

ஐந்து மணிக் கெடு இப்போது சின்னதாகத் தெரிந்தது. நாளை விடியும்போது நாற்பத்தேழு படகுகளும் அதே அரை மைல் மணியை நம்பி எல்லைப் பக்கம் போகும். ஒரு படகுக்கு ஐந்து பேர்.

"உடனே மேல போய் அந்தாளைப் பிடிச்சுரலாம்க்கா" என்றான் சுஐபு.

"எந்த ஆளை? பேப்பரைக் காட்டினா ரெண்டு பேரும் ஹமீதா போட்ட ஃபோல்டர்னு சாதிப்பாங்க. தமிழ்ப் பேரு வைக்கிறது இவ மட்டும்தானே. பேப்பர் வெளிய வரக்கூடாது." அவள் தெருமுனையில் இருந்த ஸ்டேஷனரிக் கடையைக் காட்டினாள். "மூணு கவர் வாங்கிட்டு வா. நீளக் கவரா வாங்கு."

*

"கம்ப்யூட்டரைப் பார்த்ததுல ஃபோல்டர் பேருல ஒரு சின்னச் சந்தேகம் இருக்கு. அதை அப்புறம் பேசிக்கலாம்" என்று திரும்பி வந்ததும் பொதுவாகச் சொன்னாள் வீரலட்சுமி. "முதல்ல ஒரு உதவி. சின்னக்கருப்பன் சம்சாரம் பஞ்சம்மா, அந்தக் கரையில சிறைக்கும் வக்கீலுக்கும் தூதரகத்துக்கும் மனு அனுப்பணும்னு கேட்டிருக்கு. வெளிநாடு போற கவர், இங்கிலீஷ்லதான் எழுதணும். எனக்கு எழுத்து கோணும். ஆளுக்கு ஒரு கவர்ல அனுப்புறவங்க விலாசத்தை எழுதிக் கொடுங்க. மேல போற விலாசத்தை நான் பார்த்துக்கிறேன்."

யாரும் மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு என்றபோது யாரால் மறுக்க முடியும்?

"பஞ்சம்மாள், சின்னக்கருப்பன் மனைவி. கதவு எண் ஏழு. கிழக்குத் தெரு. ராமேஸ்வரம்."

மூன்று பேனாக்கள் நகர்ந்தன. தனுஷ்கோடி முதலில் முடித்தான். அடுத்தது ஹமீதா. குருநாதன் நிதானமாக எழுதி, ஊதி, நீட்டினார்.

வீரலட்சுமி மூன்றையும் மேஜையில் பரப்பினாள். சுஐபு அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

ஹமீதா: Kizhakku Theru.

குருநாதன்: Kizhakku Theru.

தனுஷ்கோடி: Kilakku Theru.

"போதும்க்கா!" என்றான் சுஐபு. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தனுஷ்கோடிக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றான். "அண்ணே, உங்க நாக்குல ழ வராதது குத்தமில்ல. கையிலயும் வரலையே. மாட்டிக்கிட்டீங்க."

"என்னப்பா சொல்ற? நான் என்ன செஞ்சேன்?" தனுஷ்கோடியின் குரல் உடைந்தது.

வீரலட்சுமி அப்போதுதான் அந்தத் தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். "இது உங்க கையெழுத்துதானே?"

அவன் பார்த்தான். முகம் வெளுத்தது. "ஆமா மேடம். வாங்கினேன். படிக்கல. படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டு, ஆபீஸ் காப்பியைக் குப்பையில போட்டேன். அவ அடுக்கி வச்சதை எதுக்குப் படிக்கணும்னு ஒரு எரிச்சல். இப்போ அஞ்சு பேரு உள்ள இருக்காங்க. படிக்காமப் போட்டேன்னு சொல்ல பயமா இருந்துச்சு."

குருநாதன் தாளின் பக்கம் குனிந்தார். அப்படி ஒரு தாள் இருப்பது அவருக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது என்பது அவர் கழுத்து அசைந்த விதத்தில் தெரிந்தது.

"ரெண்டு ஃபோல்டர்!" என்றார். "அப்போ கெடுத்தது தனுஷ்கோடியா? ஏம்ப்பா இப்படிப் பண்ணின? ஒரு பொண்ணு மேல பழி போட இருந்தேனே!"

"சார், பொறுங்க" என்றாள் வீரலட்சுமி. "தனுஷ்கோடி யோசிக்காம எழுதினாரு. வழக்கமா எழுதுற மாதிரி எழுதினாரு. ஹமீதாவும் அப்படித்தான். நீங்க மட்டும் 'Ki' எழுதிட்டுப் பேனாவை நிறுத்தினீங்க."

"வயசாச்சு. ஸ்பெல்லிங் யோசிச்சேன்."

"உங்க சொந்தத் தெருப் பேருக்கா?"

அவள் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்தாள். கவருக்குப் பக்கத்தில் வைத்தாள். சுஐபு குனிந்து சத்தமாகப் படித்தான். "குருநாதன். வீடு... பன்னிரண்டு, Kilakku Theru, ராமநாதபுரம்." அவன் நிமிர்ந்தபோது நக்கல் போயிருந்தது. "போர்டுலயும் Alaivali. அடப்பாவி."

"கார்டுல l. போர்டுல l. இத்தனை வருஷமா உங்க கை l-தான் போட்டிருக்கு. இந்தக் கவர்ல மட்டும் zh எப்படி வந்துச்சு?" வீரலட்சுமி குரலை உயர்த்தவில்லை. "ஃபோல்டர் பேருல சந்தேகம்னு மட்டும்தான் சொன்னேன். எந்த ஃபோல்டர்னு சொல்லல. எந்த எழுத்துன்னு சொல்லல. இந்தப் பேப்பரையும் அப்போ காட்டல. கிழக்குன்னு எழுதுறதுல ஒரு ஆபத்து இருக்குன்னு இந்த ரூம்ல மூணு பேருக்குத்தான் தெரியும். நான், சுஐபு, ஹமீதா. நாலாவது ஆளா உங்களுக்கு யார் சொன்னா?"

அப்போது தனுஷ்கோடி பேசினான்.

"போன புதன்கிழமை ஹமீதா ராமேஸ்வரம் போயிருந்தா. என்னையும் கேபிள் வாங்கிட்டு வான்னு பரமக்குடிக்கு அனுப்பினீங்க. கேபிள் இங்கனயே ரெண்டு இருந்துச்சு. திரும்பி வரும்போது என் நாற்காலி உயரம் மாறியிருந்துச்சு சார். நான் கேட்கல." அவன் கண் கலங்கியிருந்தது. "இப்போ என்னைத் தள்ளி விட்டீங்களே, ஒரு நிமிஷங்கூட யோசிக்காம."

குருநாதன் உட்கார்ந்தார். அந்த வெள்ளைச் சட்டைக்குள் ஆள் சிறுத்துப்போன மாதிரி இருந்தது.

"பெட்டியைக் கழட்டிக் கடல்ல வீசிருவோம்னு போட்டுக்காரங்க சொன்னாங்க மேடம். ஓயாம அடிச்சா யாரு வச்சிருப்பா? ஒரு வாரம் பார்க்கலாம்னு நினைச்சேன். ஒரே ஒரு வாரம். ஹமீதா எழுதினதைத் தொட மனசு வரல. அதான் பக்கத்துல ஒண்ணு வச்சேன்."

"என் மேல பழி போட மட்டும் மனசு வந்துச்சா சார்?" என்று கேட்டாள் ஹமீதா. "நல்லவேளை என் பக்கம் நின்னீங்கன்னு வீட்டுல போய்ச் சொன்னேன். வாப்பா உங்களுக்காக துஆ செஞ்சாங்க."

அவர் தலை நிமிரவில்லை.

வீரலட்சுமி ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். "எழுதுங்க. மணியைக் குறைச்சு வச்சது நான்தான், போட்டுக்காரங்களுக்குத் தெரியாது, அவங்க தெரிஞ்சு எல்லை தாண்டலன்னு எழுதுங்க. அந்தக் கரையில அஞ்சு பேருக்கு வக்கீல் காட்ட வேண்டிய காகிதம் அது. கம்பெனி சீலும் போடுங்க. அப்புறம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்கு நாம சேர்ந்தே போவோம். நீங்க நினைச்ச நேரத்துக்கே புகார் போகும், பேரு மட்டும் வேற."

*

சுஐபு கடிதத்தைப் பத்துப் பிரதி எடுத்தான். வீரலட்சுமி குருநாதனோடு ஸ்டேஷனுக்குப் போனாள். ஹமீதாவும் தனுஷ்கோடியும் சேர்ந்து புரோகிராமைப் புதிதாகக் கட்டினார்கள். இந்தத் தடவை தனுஷ்கோடி ஒவ்வொரு ஃபோல்டர் பெயரையும் வாய்விட்டுப் படித்து, எண்ணினான். பதிமூன்று. இரண்டு தடவை எண்ணினான். பிறகு சுஐபு வாடகைக் காரை வரச்சொல்ல, மூன்று பேரும் பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் ஜெட்டிக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது.

செய்தி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. கிளம்பும்போதே ஹமீதா சோணைமுத்துவிடம் போனில் சொல்லியிருந்தாள். போட்டுக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். யாரும் திட்டவில்லை. வழியும் விடவில்லை. பெட்டியை நம்பிக் கெட்டவர்கள் இன்னொரு தடவை ஒரு வயரையும் ஒரு பெண்ணையும் நம்பத் தயங்கினார்கள்.

"நூறு பேரு முறைக்கிறாங்க. நான் கார்ல இருந்தே ஆதரவு தாரேன்" என்று முணுமுணுத்த சுஐபு, ஆனாலும் முதலில் இறங்கினான்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். நாற்பது வயது இருக்கும். தூக்கமில்லாத முகம்.

"நீதான் அந்தப் பெட்டிக்காரப் புள்ளையா?"

"ஆமாக்கா."

"நான் பஞ்சம்மா. சின்னக்கருப்பன் பொண்டாட்டி. ஏதோ காயிதம் வந்திருக்காமே. எனக்குப் படிக்க வராது. நீயே படி."

ஹமீதா குருநாதனின் கடிதத்தைப் படித்தாள். ஒரு வரியையும் விடவில்லை. கூட்டம் அசையாமல் கேட்டது. படித்து முடித்து நீட்டினாள். பஞ்சம்மாள் அதை வாங்கி, முந்தானையில் முடியாமல், விரித்தபடியே கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நேரத்துக்கு மணியடிச்சிருந்தா அவரு திரும்பியிருப்பாரா?"

ஹமீதாவால் நேராகப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் பார்த்தாள். "திரும்பியிருப்பாங்கக்கா. வலையையும் ஏத்திட்டுத் திரும்பியிருப்பாங்க."

பஞ்சம்மாள் கடலைப் பார்த்தாள். பக்கத்தில் கட்டியிருந்த முதல் போட்டு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தைச் சோணைமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போய், போட்டின் கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக் கரையோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஏறு" என்றாள் ஹமீதாவிடம். "நாப்பத்தேழு கிடக்கு. விடியுறதுக்குள்ள முடிக்கணும்."